தேடல் பட்டியலில் இல்லாத குத்தகை

ஜூலை 7, திங்கள்

குத்தகைக்காரர்களைக் கணினியிலிருந்து வெட்டி எறிந்திருக்கிறார்கள் போல.

வெயில். தாலுகா ஆபீஸ் ஃபேன் மறுபடி ரிப்பேர். செல்லம்மா இரண்டாவது தடவை வந்தார். பேராவூரணிப் பக்கம், கடைமடை. மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகை நிலம், பதிவு மாமனார் பேரில். குத்தகையே கிடையாது என்று நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணைக்காரர் வழக்கு. வெள்ளிக்கிழமை வாய்தா. பதிவேட்டு நகல் வேண்டும். தேடினேன். "பதிவு இல்லை."

"நல்லாப் பாருங்க தம்பி. எங்க மாமனாரு கைநாட்டு வச்சப்ப நான் கூட நின்னேன்."

"இல்லைன்னு காட்டுதும்மா."

"அது காட்டும். அதுவா வந்து நாத்து நட்டுச்சு?"

ஜூலை 8, செவ்வாய்

தலைமை எழுத்தர் லீவு. கணினியில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தேன். தேடும் நிரல் எந்தெந்த ஃபோல்டருக்குள் பார்க்கிறது என்று அறிய ஒரு வரிக் கட்டளை போதும். வந்தவை மூன்று: பட்டா, அடங்கல், வரைபடம். குத்தகை இல்லை. ஃபோல்டர் கணினியில்தான் இருக்கிறது, ஸ்கேன் செய்த பக்கங்களோடு. பட்டியலில் இல்லாததால் நிரல் அங்கே போவதே இல்லை. போகாமலே 'இல்லை' என்கிறது.

எடுத்தது யார்? பண்ணைக்காரர்தான் சொல்லியிருப்பார். அந்த ஆட்சியிலும் கட்சிக் கரை வேட்டி, இந்த ஆட்சியிலும் கரை வேட்டி. நிறம் மட்டும் வேறு.

ஜூலை 9, புதன்

மேகமூட்டம். சட்டை பொத்தான் தைக்க வேண்டும்.

அடித்த கட்டளைகள் எல்லாம் சேமிப்பில் இருக்கும். பின்னோக்கிப் பார்த்தேன். ஏப்ரலில் குத்தகை ஃபோல்டரைத் தேடல் பட்டியலிலிருந்து நீக்கிய கட்டளை. என் பெயரில். நானே அடித்தது.

தேடல் மெதுவாக வருகிறது என்று தலைமை எழுத்தர் கத்திய நாள். "பட்டா கேட்டு வர்றவன்தான்யா ஜாஸ்தி. குத்தகைய எவன் கேக்குறான்? தூக்குய்யா." தூக்கினேன். வேகம் கூடியது. டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

அதன் பிறகு எத்தனை பேரிடம் 'இல்லை' சொன்னேன்? ஒரு முகம்கூட நினைவில்லை.

திரும்பச் சேர்த்தேன். அதற்கும் ஒரே வரிதான். அரை மணியில் மாமனார் பெயர், கைநாட்டு, மூன்று மா.

ஜூலை 10, வியாழன்

தூறல். செல்லம்மாவிடம் நகலைக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்தார். நகரவில்லை.

"போன மாசம் பண்ணக்காரருக்குக் குத்தகைப் பதிவு இல்லைன்னு எழுதிக் குடுத்துருக்கீங்க. அது கோர்ட்டுல இருக்கு. இப்ப இத நீட்டுனா கள்ள நகலும்பாரு அவரு வக்கீலு."

"இதுதாம்மா சரியானது."

"உங்க வாயி கோர்ட்டுக்கு வருமா? அது தப்பு, எங்க ஆபீஸ் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

தலைமை எழுத்தரைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க தம்பி. பஸ்ஸுக்கு நேரமாவுது."