மகிழுக்கு ஆபரேஷன் வேண்டாம்

நவ. 10, திங்கள்
காலையிலிருந்து மழை. தாம்பரம் ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி. பக்கத்துக் கட்டிலுக்கு ஸ்வீட் பாக்ஸ் வந்துவிட்டது. எங்களுக்கு இல்லை. என் குழந்தை ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. பிறப்புறுப்பு இரண்டு மாதிரியும் இல்லையாம். டாக்டர் சொல்லும்போது என் புருஷன் சரவணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேட்டது ஒன்றுதான்.

"பால் குடிக்குமா?"

"நல்லா குடிக்கும்மா."

குடித்தது. முரட்டுப் பசி.

நவ. 12, புதன்
தையல் வலி. இட்லி கல்லு மாதிரி. குழந்தை டாக்டரம்மா வந்தார். இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்கு உடம்பில் உப்பு குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாமாம். ரத்தம் எடுத்தது அதற்குத்தான். உப்பு சரியாக இருக்கிறது. அடுத்த வாரம் மறுபடி பார்க்க வேண்டும்.

"அப்போ ஆபரேஷன்?" என்றான் சரவணன்.

"எதுக்கு? சிறுநீர் தடையில்லாம போகுது. பார்க்க எப்படி இருக்குன்றதுக்காக பச்சைக் குழந்தையை வெட்டக் கூடாது. நம்ம ஸ்டேட்ல அதுக்குத் தடையே இருக்கு. வளர்ந்து அதுவே முடிவு பண்ணட்டும்."

அவர் போன பிறகு அழுதேன். பயத்தில் இல்லை.

நவ. 15, சனி
பொழிச்சலூர், மாமனார் வீடு. வெயில். துணியெல்லாம் காய்ந்தது. தலைக்கு மேலே விமானம், குழந்தை அசையவே இல்லை. வாங்க: பஞ்சு, பூண்டு, கொசுவலை.

வருகிறவர்களிடம் அத்தை, "மஞ்சள் காமாலை, யாரும் பார்க்கக் கூடாது" என்கிறார். சுத்தப் பொய். என் அறைக்கதவு சாத்தியே கிடக்கிறது.

சாயங்காலம் மாமனார் கதவருகே நின்று சொன்னார். வேறு மாநிலத்தில் ஒரு சர்ஜன், பேசி முடித்தாயிற்று, நாளைக் காலை கார்.

"பொண்ணுன்னு ஆக்கிட்டா பிரச்சினை முடிஞ்சுது. இந்த ஊர்ல நமக்குன்னு ஒரு பேரு கீது."

"உங்க பேருக்காக எம் புள்ளையை வெட்ட விட மாட்டேன், மாமா."

என் குரல்தானா அது?

"சரவணன் ஒத்துக்கினான்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்து நின்றான்.

நவ. 16, ஞாயிறு
கார் வந்தது. அத்தை பையைக் கட்டி வைத்திருந்தார். பச்சை உடம்போடு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தேன்.

"அண்ணா, வண்டி வேணாம். கெளம்புங்க."

"பெரியவரு வரச் சொன்னாரும்மா..."

"இது என் குழந்தை. நான் சொல்றேன்."

மாமனார் பின்னால் கத்தினார். எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலைகள். பார்க்கட்டும். எல்லார் முன்னாலும் சரவணனைக் கேட்டேன்.

"நாளைக்கு இது வளந்து, 'என்னைக் கேக்காம ஏன்ப்பா வெட்டுனீங்க'ன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

அவன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான். கார் காலியாகத் திரும்பிற்று.

நவ. 19, புதன்
மறுபடி ரத்தம். உப்பு சரி. அப்பாடா.

பேர் வைத்தாயிற்று: மகிழ். ஆணுக்கும் ஆகும், பெண்ணுக்கும் ஆகும். கதவைத் திறந்து போட்டேன். எதிர்வீட்டு அக்கா வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னா குழந்தைம்மா?"

"இன்னும் தெரியாதுக்கா. வளந்து அதுவே சொல்லும்."

அக்கா திறந்த வாய் மூடவில்லை. அத்தை சமையலறைக்குள் போய்விட்டார்.

துணி நனைந்திருந்தது. நான் எழுவதற்குள் சரவணனே மாற்றினான். பிறந்ததிலிருந்து முதல் தடவை. தப்பாகக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினான்.

மாமனார் இன்னும் என்னோடு பேசவில்லை. பேச வேண்டாம். மகிழ் தூங்கட்டும்.