சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தது

ஜூலை 8, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. லேக் கார்டன்ஸில் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர். ரிக்‌ஷாக்காரன் இரட்டிப்புக் கேட்டான், கொடுத்தேன்.

இன்று எனக்கு ஓர் அநியாயம் நடந்தது. எழுதி வைக்கிறேன். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சங்கரலிங்கத்தைப் பார்க்கப் போனேன். அவன் மனைவி செண்பகம் வார்டு வாசலிலேயே என்னை மறித்துத் திருப்பி அனுப்பினாள். கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் அவன் கிளார்க்காகச் சேர்ந்த காலத்துப் பழக்கம். அவர்களுக்கு முதல் வாடகை வீடு பிடித்துக் கொடுத்தவன் நான்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. உங்களைப் பாத்தா அவுக பயப்படுதாக."

"என்னைப் பாத்து என்னத்துக்குப் பயம்? நான் என்ன எமனா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

விஷயம் புரியாமல் இல்லை. இந்த வங்காள ஊரில் நம் தமிழர்கள் வீட்டில் சாவு என்றால் முதல் போன் எனக்கு. கண்ணாடி வண்டி, மூங்கில், ஓதுவார், சுடுகாட்டு ஆபீஸ், சர்ட்டிபிகேட், எல்லாம் நான். பேங்கில் டெபுடி ஜெனரல் மேனேஜராக இருந்தபோதும் லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். ரிடையர் ஆனபின் அதுவே முழு நேரம். ஒருவரிடமும் நன்றி எதிர்பார்த்ததில்லை. ஆனால் இப்படி வாசலில் நிறுத்துவதா?

மனைவி கோமதியிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்கு இதய வால்வு ஆபரேஷன். அதே ஆஸ்பத்திரி, அதே மாடி.

சாப்பிடப் பிடிக்கவில்லை. மோர் மட்டும்.

ஜூலை 9, புதன்

மழை விட்டது. புழுக்கம்.

வால்வு பற்றி ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த புத்தகத்தை மறுபடி படித்தேன். பி.காம்., பேங்க் பரீட்சைகள் எல்லாம் வாத்தியார் இல்லாமல் நானே படித்துத் தேறியவன். இதுவும் புரிகிறது. புரிவதுதான் கஷ்டம். இதயத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வைப்பார்களாம். அந்தப் பக்கத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டேன், கோ. கண்ணில் படாமல்.

பவானிபூரிலிருந்து மகள் மீனா வந்தாள். "அப்பா, சிந்தா கொரோ நா. டாக்டர் ரொம்ப பாலோ. அம்மா ஃபைனா திரும்பி வரும்." கவலைப்படாதே, டாக்டர் நல்லவர் என்பதைக்கூட அவளுக்கு வங்காளியில்தான் சொல்ல வருகிறது. அம்மா 'வரும்' இல்லை, 'வருவாள்' என்றேன். "வந்தா போதும்ப்பா, கிராமர் எதுக்கு?" என்றாள். கோ. சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் செண்பகம் போன். எடுக்க வேண்டாம் என்று இருந்தேன். கோ. எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

"அண்ணாச்சி, நேத்து வார்டு வாசல்ல வச்சுச் சொல்ல முடியல. ஞாயித்துக்கிழம வந்தியள்லா? அரை மணி நேரம் பேசிக்கிட்டு இருந்திய. பொறவு ஒரு வார்த்தை சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டிய."

"அதனால என்ன?"

"என்னவா? எழவு வீட்டுலேர்ந்துதான் அப்படிப் போவாக. அவுக அன்னைக்குப் பூரா சோறு திங்கல. 'என்னைப் பொணம்னு முடிவு பண்ணிட்டாருட்டி'ங்காக."

சாவு வீட்டிலிருந்து 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிக் கிளம்பக் கூடாது. மறுபடி வருவதாக ஆகிவிடும். எழுந்தோம், செருப்பை மாட்டினோம், நடந்தோம். எத்தனை வருஷமாக எத்தனை வீடுகள். கால் பழகிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. அதை அவளே சங்கரலிங்கத்திடம் சொல்லியிருக்கலாம் அல்லவா? வாசலில் மறித்தது மறித்ததுதான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

கோ.வின் பை: இரண்டு நைட்டி, விபூதி, சோப்பு, கண்ணாடி. இட்லிப்பொடி வேண்டும் என்கிறாள். டாக்டர் கூடாது என்பார். வைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

தூறல். காலையில் அட்மிஷன்.

தாலிச்செயின், வளையல், மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மூக்குத்தி இல்லாத முகம் யாரோ மாதிரி இருந்தது. நர்ஸ் "மாஷிமா, பயமா?" என்று வங்காளியில் கேட்டாள். கோ. வங்காளியிலேயே "எனக்கு இல்லை, இவருக்கு" என்று என்னைக் காட்டினாள்.

மாலை பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தார்கள். இறங்கி வந்தேன். லிஃப்ட் கீழே வந்து நின்றபோதுதான் உறைத்தது. சொன்னேனா?

நினைத்து நினைத்துப் பார்த்தேன். போர்வையை இழுத்துவிட்டது ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் நகர்த்தியது ஞாபகம் இருக்கிறது. பிறகு வாசல். நடுவில் ஒன்றுமில்லை.

மூடநம்பிக்கை பிடித்தவன் இல்லை நான். ஆனாலும் படிக்கட்டில் ஏறி ஓடினேன். செக்யூரிட்டி தடுத்தான். "காகு, டைம் ஷேஷ். கால் ஆஷ்பென்." நேரம் முடிந்ததாம், நாளைக்கு வரலாமாம். நாளைக்கு ஆபரேஷன் என்று கத்தினேன். ஒரே ஒரு வார்த்தை என்றேன். பேங்கில் என்னவாக இருந்தேன் என்பதைக்கூடச் சொன்னேன். பாவம், அவன் எனக்கு நாற்காலி போட்டான். உள்ளே விடவில்லை.

கோ.வின் போனும் என் பையில்தான். மீனா மருந்து வாங்கப் போயிருந்தாள். அந்த மாடியில் துணைக்குத் தங்கும் பாஸ் உள்ளவள், எனக்குத் தெரிந்து, ஒருத்திதான்.

நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"செண்பகம், நான்தான்."

"குரல் என்ன இப்படி இருக்கு அண்ணாச்சி?"

"கோமதிகிட்டப் போ. நான் போயிட்டு வாரேன்னு சொன்னேன்னு சொல்லு. இப்பமே போ."

பதிலுக்கு ஏதாவது கேட்பாள், குத்துவாள் என்று காத்திருந்தேன். செருப்புச் சத்தம்தான் கேட்டது. போனை அணைக்காமலே நடக்கிறாள். கதவு. பேச்சு. யாரோ சிரிக்கும் சத்தம்.

"சொல்லிட்டேன். மதினி சிரிக்காக. 'அவுக என்னைக்குச் சொல்லிட்டுப் போயிருக்காக, பேங்குக்குப் போறப்பயே சொல்லமாட்டாக'ங்காக."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"சாப்பிட்டுட்டுப் படுக்கச் சொன்னாக."

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். தயிர்சாதம். மூக்குத்தியைச் சாமி படத்தின் முன் வைக்கப் போனேன். வேண்டாம், பையிலேயே இருக்கட்டும்.

ஜூலை 11, வெள்ளி, காலை

மழை இல்லை. டாக்ஸி வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். இத்தனை வருஷமாக இப்படி யார் யார் என்னென்ன என்று எழுதியதெல்லாம் சாவுக் காரியத்துக்கு. முதலில் பழக்கத்தில் 'கண்ணாடி வண்டி' என்று எழுதிவிட்டேன். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக.

டாக்டரிடம் பேச: மீனா. நான் பேசினால் சண்டை.

ரத்தத்துக்கு ஆள்: மீனாவின் ஆபீசிலிருந்து இருவர். அவள் மறுபடி கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

என் போன்: மீனாவிடம். யார் வீட்டில் எது நடந்தாலும் இன்று நான் இல்லை. தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வார்டிலிருந்து ஸ்ட்ரெச்சர் கூட நடக்க: செண்பகம். கேட்டேன். "கேக்கணுமா" என்றாள்.

சங்கரலிங்கம்: நான். கட்டில் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். கிளம்பும்போது அந்த வார்டுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வர வேண்டும். என்னை மறித்தது தப்புதான், அதையும் சொல்ல வேண்டும்.

லிஃப்ட் கதவு மூடும்வரை முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ள: நான். 'வா' என்று சொல்ல: நான்.

'போயிட்டு வாரேன்' என்று சொல்ல: கோமதி. இன்று போகிறவள் அவள். மறந்தால் ஸ்ட்ரெச்சரை நிறுத்திக் கேட்டு வாங்க: நான்.