நான்கு நாள் திரும்பாத கழுத்து

காலையில் மேலகரம் வழியாக வந்த பஸ்ஸில், பக்கத்து இருக்கைக்காரரின் ஈரத் துண்டிலிருந்து நல்லெண்ணெய் வாடை அடித்தது. சாரல் தொடங்கிவிட்டது. உங்கள் நினைவு வந்தது.

அறுபதுகளின் நடுவில் ஒரு சீசன். குற்றாலத்தில் ஒரு பங்களாவில், உங்களையும் சேர்த்து உளவியலாளர்கள் ஆறு பேருக்கு, மனநோய்க்குப் புதிதாக வந்திருந்த மாத்திரைகளைப் பற்றி மூன்று நாள் பயிற்சி. பத்திரிகைச் செய்திக்காக நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். பாடம் எடுத்த டாக்டர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்: "சீட்டு எழுதுதது நான்தான். ஆனா நோயாளிகூட ஒரு மணி நேரம் உக்காருதது நீங்க. மருந்து உடம்புல என்ன பண்ணுதுன்னு மொதல்ல உங்க கண்ணுலதான் படும்."

இரண்டாம் நாள், இந்த மாத்திரையைத் தொடங்கிய சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும் என்றார். நீங்கள் எழுதுவதை நிறுத்தினீர்கள்.

"வீரகேரளம்புதூர்ல இருந்து எங்கிட்ட ஒரு நெசவாளி வாரான், இதே மாத்திரைதான் சாப்பிடுதான். நாலு நாள் முன்னால மொகத்தத் திருப்பிக்கிட்டே உக்காந்திருந்தான். அப்பா மேல உள்ள கோவம்னு எழுதி வச்சிருக்கேன்."

யாரோ சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "இப்ப அவன் எங்கன இருக்கான்?"

"இங்கனதான். இன்னைக்கு அருவில நிப்பாட்டப்போறதா அவன் அண்ணன் சொன்னாரு."

டாக்டர் பையை எடுத்தார். மூவரும் தூறலில் ஓடினோம்.

பேரருவியில் தண்ணீர் இரைந்து விழுந்தது. அவன் தலை தோளோடு ஒட்டியிருந்தது. வாயை மூட முடியவில்லை. அந்த நிலையில் அருவிக்குள் போனால் மூச்சுத் திணறிப் போவான். எண்ணெய் தேய்க்கிறவர்கள் இருவர் பிடித்திருக்க, அண்ணன் அவன் கையை இழுத்தபடி கத்திக்கொண்டிருந்தார்: "தள்ளுங்கலே உள்ள!"

நீங்கள் குறுக்கே போய் நின்றீர்கள்.

"டாக்டரம்மா, வழிய விடுங்க. பேய் களுத்தத் திருகுது."

"நான் டாக்டர் இல்ல அண்ணாச்சி. இது பேயும் இல்ல, நீங்க குடுக்குத மாத்திரை செய்யுதது. நாலு நாளா எனக்குத் தெரியல. தப்பு எம்மேலதான்."

அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் அவர் தம்பியின் கையை விட்டார் என்று இன்றும் நம்புகிறேன்.

டீக்கடை பெஞ்சில் வைத்து, திருகலை இளக்கும் ஊசியை டாக்டர் போட்டார். அரை மணியில் கழுத்து நேரானது. அவன் உங்களைத்தான் முதலில் பார்த்தான். "நாலு நாளா ஒங்க மூஞ்சியப் பாக்கணும்னுதான் நெனைக்கேன். களுத்து விடமாட்டேங்குது." பிறகு அண்ணனிடம், "ஏன், ஒரு டீ சொன்னா என்ன? குளிருது" என்றான். டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்தார். மாத்திரை நிற்கவில்லை. சீசன் முடிவதற்குள் அவன் தறிக்குத் திரும்பினான்.

உங்கள் தவறை விட்டுவிட்டுச் செய்தி எழுதட்டுமா என்று அன்று மாலை கேட்டேன். "அத விட்டா அதுல செய்தி எங்க இருக்கு?" என்றீர்கள். பெயரை மட்டும் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் எழுதினேன்.

அதன்பின் எத்தனையோ பேரைப் பற்றித் திமிர், குடி, கோபம் என்று ஊர் சொன்ன காரணங்கள் என் மேசைக்கு வந்தன. அச்சுக்கு அனுப்பும் முன், அந்த ஆள் என்ன மருந்து சாப்பிடுகிறார், எந்த நாளிலிருந்து என்று விசாரித்திருக்கிறேன். சில தடவை தலைப்பே மாறியது.

ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. போன வாரம் தென்காசியில் ஒரு வீட்டில் பெரியவருக்குப் பேச்சு குளறியது. "வயசாயிட்டுல்லா" என்றார்கள். புதிதாக ஏதாவது மாத்திரை தருகிறீர்களா என்று கேட்டேன். பிறகு மருமகள் எழுந்து உள்ளே போய், மருந்துச் சீட்டை எடுத்து வந்தாள்.