அடுப்பில் வைத்த ஜன்னல் கதவு

ஜீயபுரம்,
வெகுதானிய வருஷம் ஐப்பசி 12

மைசூர் சீமைத் தங்கச் சுரங்கத்தில் மேஸ்திரி வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு மயிலம்மாள் நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது.

இவ்விடம் அனைவரும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு ஏச்சும் பேச்சும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் அந்த வார்த்தையை எழுத இந்த வீட்டில் எனக்குத்தான் உரிமை அதிகம். சுகம். தங்கள் சுகத்துக்கும் பதில் போடவும்.

தங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கொழுந்தனார் வெள்ளைச்சாமி அதைக் கூடத்தில் நின்று அத்தை காதில் விழும்படி உரக்கப் படித்தார். ஜன்னல் கதவைத் திரும்ப மாட்டு, இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு தொட்டியத்துக்கு உன் அம்மா வீட்டுக்குப் போ என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டுவதற்குக் கதவு இல்லை. கழற்றிய அன்றே அதைப் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன். பழைய தேக்கு, நன்றாக எரிந்தது. உங்கள் தங்கை அமிர்தம் அன்று அந்த வெந்நீரில்தான் குளித்தாள்.

அத்தை உங்களுக்கு எழுதச் சொன்னதில் பாதி மெய், பாதி பொய். அவருடைய முட்டைக் கோழியை நான் கொன்றது மெய். எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பது பொய். பேய் பிடித்தவள் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் இப்படி வரிசை தப்பாமல் எழுதுவாளா என்று நீங்களே பாருங்கள்.

அமிர்தம் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், நிறைமாதம். அவள் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே அத்தை மச்சு அறையைத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டார். ஜன்னல் இடுக்கில் கந்தலைத் திணித்துச் சாணி பூசினார். கதவுக்கு உள்பக்கம் தொங்கவிடச் சாக்குத் தைத்தார். திருச்சிராப்பள்ளியிலிருந்து மூட்டை மூட்டையாக அடுப்புக்கரி வந்து இறங்கியது. இந்தத் தடவை ஒரு பொட்டுக் காற்று உள்ளே போகக் கூடாது என்று சபதம். ஏன் சபதம் என்று உங்களுக்குத் தெரியும். போன வருஷம் அதே அறையில்தான் கொழுந்தனார் பெண்சாதி வீராயி போனாள்.

அவள் பிள்ளை பெற்று மூன்றாம் நாள். அடைமழை. அறையை அடைத்துக் கணப்புச் சட்டியில் கரியைக் குவித்து வைத்திருந்தார்கள். குழந்தை ஓயாமல் கத்தியது. தாய் கொஞ்சம் கண்ணயரட்டும் என்று நான்தான் கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சமையல்கட்டில் என் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். விடிந்து போய்ப் பார்த்தால் வீராயி பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். முகம் மட்டும் மஞ்சள் பூசிக் குங்குமம் கரைத்து விட்டாற்போலச் சிவந்திருந்தது. வந்த பெண்கள் எல்லோரும், "மகராசி, செத்தும் முகத்துல லட்சுமி களை போகல பாருங்க" என்றார்கள். அறைச் சூட்டின் மகிமை அது என்று அத்தை சொன்னார். அந்தச் சூட்டையும் மீறி அவளைக் கொண்டு போனது, நான் கதவைத் திறந்தபோது உள்ளே நுழைந்த கூதல் காற்றாம். அன்று முதல் எனக்குக் காற்றை விட்டவள் என்று பெயர். குழந்தை சின்னப்பொண்ணுக்குத் தாயை முழுங்கினவள் என்று பெயர். ஒரு வருஷமாக இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு இந்தப் பட்டத்தைச் சுமக்கிறோம்.

ஆடியில் நீங்கள் லீவில் வந்தபோது, பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றுக்குப் போய்வந்து சாப்பிட உட்கார்ந்து, சுரங்கத்தில் கூரையைத் தாங்கும் மரம் தீப்பிடித்த கதையைச் சொன்னீர்கள். தீ பக்கத்திலேயே வராத இடத்தில் ஆட்கள் செத்துக் கிடந்தார்கள் என்றீர்கள். சுரங்கத்து வெள்ளைக்கார டாக்டர் துரை விளக்கினதையும் சொன்னீர்கள். நெஞ்சுக்குள் இருக்கும் மூச்சுப்பை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள். அவற்றின் சுவர் வெங்காயத் தோலைவிட மெல்லியது. சுவருக்கு இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ரத்தம். நாம் இழுக்கும் நல்ல காற்றை ரத்தம் சுவர் வழியாக வாங்கிக்கொண்டு உடம்பெல்லாம் கொண்டு போகும், கெட்ட காற்றைச் சுவர் வழியாகவே வெளியே தள்ளும். ஆனால் அடைத்த இடத்தில் கரி எரிந்தால் வேறொரு வாயு வரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தம் நல்ல காற்றை விட்டுவிட்டு இதைத்தான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும். "ஏகாதசிக்குச் சீரங்கம் போற ரயில்ல எடம் புடிச்சவன் எழுந்திருப்பானா? அப்படித்தான். நல்ல காத்துக்கு உக்கார எடமே இருக்காது" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

செத்தவர்கள் முகம் எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். "தூங்குற மாதிரி, மாப்பிள்ளை கணக்கா செக்கச்செவேல்னு இருந்துச்சு" என்றீர்கள். அப்படியானால் நம் வீராயி என்று நான் வாயெடுத்ததும், "சுரங்கம் வேற, வீடு வேற. ரசத்தை ஊத்து" என்றீர்கள். ஊற்றினேன்.

சுரங்கம் வேறு, வீடு வேறு. இருக்கட்டும். நெஞ்சு வேறா? ரத்தம் வேறா? மண்ணுக்கடியில் தங்கம் தோண்டுகிற ஆம்பிளைக்கு இயந்திரம் வைத்துக் காற்று இறக்குகிறார்கள். தங்கமாய் ஒரு பிள்ளையைப் பெற்றுப் போட்டவளுக்கு முழ நீள ஜன்னல் ஒன்று கூடாதா? நீங்கள் படித்துத் தெரிந்துகொண்டது உங்கள் மூச்சுக்கு மட்டும்தானா? இதைக் கேட்பதால் நான் அடங்காப்பிடாரி என்றால், அடங்காப்பிடாரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றுதான் கோழி. பட்டப்பகலில், அத்தை பூசி அடைத்த அதே அறையில், அவர் வைக்கிற அளவு கரியே வைத்து, கூடையில் கோழியைக் கவிழ்த்துக் கதவைச் சாத்தினேன். அத்தையையும் தெருப் பெண்களையும் அறை வாசலிலேயே உட்கார வைத்தேன். காற்றும் போகவில்லை, கறுப்பும் போகவில்லை, அதற்கு அவர்களே சாட்சி. உலை கொதித்து இறக்கிய பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு போய்க் கூடையை எடுத்தேன். கோழி செத்திருந்தது. அறுத்துக் காட்டினேன், ரத்தம் செம்பருத்திப் பூ நிறம். பிறகு அத்தை, "என் முட்டைக் கோழிய அடிச்சுட்டாளே பாவி" என்று ஒப்பாரி வைத்தார். வீராயிக்குக்கூட அப்படி அழவில்லை. எனக்கு வந்த கோபத்தில்தான் அரிவாளை எடுத்துக்கொண்டு நேரே ஜன்னலுக்குப் போனேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அமிர்தம் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். சாயங்காலம் தன் பாயைத் தானே சுருட்டிக்கொண்டு வந்து அந்த ஜன்னலுக்கு நேர் கீழே விரித்தாள். "அண்ணி, நீங்க எங்கேயும் போயிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். பெற்றவளை எதிர்த்து அவள் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

சூடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செங்கல்லை முற்றத்தில் சுட்டுத் துணி சுற்றிக் காலடியில் வைக்கலாம். கம்பளி இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது. நெருப்பு மட்டும் அந்த அறைக்குள் வராது. நீங்கள் தச்சனை அனுப்பினால், அவன் புதுக் கதவு மாட்டுவதற்குள் அமிர்தத்தையும் சின்னப்பொண்ணையும் கூட்டிக்கொண்டு நான் தொட்டியத்துக்கு வண்டி ஏறியிருப்பேன். நீங்களும் அம்மா வீட்டுக்குத்தானே போகச் சொன்னீர்கள்?

வீட்டில் யாருக்கும் சொல்லாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை வெள்ளைச்சாமியிடம் கொடுக்கவில்லை, நானே ரயில் ஸ்டேஷனுக்குப் போய்த் தபாலில் போடுகிறேன். நீங்கள் ஆடியில் வந்து போனதிலிருந்து எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. இத்தனை வருஷமாக எத்தனை கோயில் சுற்றினோம். இப்போது கிடைத்திருக்கிறது. வாயைத் திறந்து சந்தோஷப்படக்கூட முடியாமல் இருக்கிறேன். அமிர்தத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் போகப் போகிறவள் நான்தான். சித்திரை வெயிலானாலும் அத்தை கரி மூட்டையோடுதான் நிற்பார்.

காவேரித் தாய் உங்களை நல்லபடியாகக் கீழே இறக்கி நல்லபடியாக மேலே ஏற்றட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும் என்று அத்தைக்கு உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டாலும் அது திறந்துதான் இருக்கும். ஆனால் உன் அப்பா எழுதினார் என்று நம் பிள்ளையிடம் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை இந்த ஒரு தடவை கேட்காத
மயிலம்மாள்