நீயே போடு என்றேன்

என் அக்காவுக்கு,

அன்று சாயங்காலம், "வா, உட்கார், சேர்ந்து போடலாம்" என்று உன்னிடம் நான் சொல்லவில்லை.

வேலை முடிந்து கொரட்டூர் ஏரிக்கரையோடு நடந்து வந்தவள், முகம்கூடக் கழுவாமல் கணக்கு நோட்டோடு என் எதிரில் நின்றாய். அப்பா இறந்ததும் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போனவள் நீ. நாளெல்லாம் நின்றபடியே பெட்டி கட்டும் வேலை. சாயங்காலம் கால் வீங்கியிருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் ஸ்டோரில் உட்கார்ந்து எழுதும் வேலை கிடைக்கும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இருபத்தாறு வயதில் பிரைவேட்டாகப் பரீட்சை எழுதத் துணிந்தாய்.

நான் கல்லூரிப் போட்டிக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். மனிதன் தன் அறிவை மட்டுமே நம்பி நிற்க வேண்டும் என்று. படித்ததெல்லாம் தலைக்கேறியிருந்த வாரம் அது.

"நீயே போடுக்கா. அடுத்தவங்க போட்டுக் காட்டினா ஒட்டாது" என்றேன், தலை நிமிராமல்.

நீ சிரித்தாய். "தெனம் நீ குளிக்கிற தண்ணிய நான்தான் பம்புலேர்ந்து எத்துகினு வரேன். அது மட்டும் இன்னா, ஒடம்புல ஒட்டுதாடி?"

அம்மாவும் சிரித்துவிட்டாள். எனக்கு ரோஷம் வந்து, அது வேறு இது வேறு என்று ஏதோ விளக்கினேன். நீ வாசல் பக்கம் போய் உட்கார்ந்தாய். அழித்து அழித்து அந்தத் தாளே கிழிந்துபோனது. அதற்குப் பிறகு ஒரு கணக்குக்கும் நீ என்னிடம் வரவில்லை.

அது கொள்கைதானா அக்கா, இல்லை, எழுந்திருக்க மனமில்லாத சோம்பலா? கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. நான் உட்கார்ந்து யோசிக்க நீ நின்றுகொண்டிருந்தாய் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னோடு வேலை பார்த்த பெண்கள் மூன்று பேர் நம் வீட்டுக்குப் படிக்க வருகிறார்கள். முதல் கணக்கை நான் போட்டுக் காட்டுகிறேன். அடுத்ததைச் சேர்ந்து போடுகிறோம். அப்புறம் அவர்களே என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிடுகிறார்கள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கேட்டு வந்து நிற்பவர்களை இனி உட்காரவைக்காமல் அனுப்ப மாட்டேன்.

அந்தப் பரீட்சையில் நீ கணக்கில் மட்டும் தவறினாய். ஸ்டோர் வேலை வேறொருவருக்குப் போனது. உன்னைக் கொண்டுபோன அந்தக் காமாலை வந்து படுத்த நாள்வரை நீ நின்றபடியேதான் பெட்டி கட்டினாய்.

உன் தங்கை