எட்டடி பிளக்ஸில் தொங்கிய கடவுச்சொல்

அனுப்புநர்
சு. குற்றாலிங்கம் (வயது 57),
சீசன் அறைகள் வாடகைக்கு விடுபவர்,
குற்றாலம், தென்காசி மாவட்டம்.

பெறுநர்
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
தென்காசி.

பொருள்: என் வீட்டு வைஃபை வழியே பரவிய வெள்ள வதந்தி – தவறு என்னுடையது – மகளின் காவலர் பணி விசாரணையில் அதை அவள்மேல் ஏற்றாதிருக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் வீட்டு மாடியில் நான்கு அறைகளைச் சீசனுக்கு விடுகிறேன். வருகிறவர்கள் அருவிக்கு வழி கேட்பதற்கு முன் வைஃபை கேட்கிறார்கள். கடவுச்சொல்லை வாயால் சொன்னால் ஊர் முழுக்கப் போய்விடும் என்று எனக்குப் பயம். சொந்தத் தங்கை ரெங்கம்மாள் கேட்டபோதே சொல்லாமல் மழுப்பியவன் நான். ஆகவே அதை ஒரு கியூஆர் கோடாக எடுத்து, எட்டடி பிளக்ஸ் அடித்து வாசலில் கட்டினேன். கைகூப்பி நிற்கும் என் படமும் அதில் உண்டு. என் முகத்தைவிடக் கோடு பெரியது.

2. கோடுக்குள் கடவுச்சொல்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. ஸ்கேன் செய்தால் ரூட்டருக்குத் தகவல் போகும், அது வந்தவர் நம் விருந்தாளியா என்று பார்த்து உள்ளே விடும் என நானாகவே நினைத்துக்கொண்டேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

3. பாதையை மறைக்கிறது என்று அக்கம்பக்கத்தார் சொன்னதால் பிளக்ஸை அவிழ்த்தேன். வீணாக்க மனம் வராமல், என் மதிற்சுவரை ஒட்டி ரம்புட்டான் விற்கும் சொக்கம்மாளிடம் சாரலுக்கு மறைப்பாகக் கொடுத்தேன். அவர் என் முகத்தை உள்ளே மடித்து, கோடு மட்டும் வெளியே தெரியும்படி கட்டினார். பழம் வாங்கியவர், மழைக்கு ஒதுங்கியவர், வேன் ஓட்டுநர் அனைவரும் என் விருந்தினர் ஆனார்கள். நெட் மெதுவாக வருகிறது என்று கம்பெனிக்கு நான்கு முறை போன் போட்டுச் சண்டையும் பிடித்தேன்.

4. கடந்த 5.7.2025 அன்று அவர்களில் யாரோ ஒருவர், ஐந்தருவியில் வெள்ளம், பத்துப் பேரைக் காணோம் என்று பொய்ச் செய்தி பரப்பினார். விசாரணை என் வீட்டு இணைப்பில் வந்து நின்றது. ஓடிபி சமாசாரம் எனக்கு ஒத்துவராது என்பதால் இணைப்பை என் மகள் உமாதேவி பெயரில் எடுத்திருந்தேன். அவள் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் தேறி, பணி ஆணைக்கு முந்தைய காவல் விசாரணைக்குக் காத்திருப்பவள். இரண்டு வருடம் ஓடிப் பயின்று வாங்கிய வேலை அது.

5. இரண்டாம் பத்தியில் 'தெரியாது' என்று எழுதினேன். அது முழு உண்மை அல்ல. பிளக்ஸ் கட்டிய அன்றே என் மகள், "யப்பா, அந்தக் கோடுக்குள்ளதான் பாஸ்வேர்டே கெடக்கு. அதப் போயி தெருவுல தொங்கவிடுதியளே" என்றாள். "ஏட்டி, நீ ஒன் சோலியப் பாரு" என்று அதட்டினேன்.

6. காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர், பழக்கடையில் தொங்கிய கோடின் படத்தைக் காட்டி, "இத வச்சது யாரும்மா?" என்று அவளிடம் கேட்டார். அவள் தலைகுனிந்து நின்றாள், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளுக்கு ஓரடி பின்னால்தான் நான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து ஏதோ சொல்லப் போனேன். "விடுங்கப்பா, ஒங்களுக்கு பிரஷர் இருக்குல்லா" என்றாள். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை ஐயா.

உதவி ஆய்வாளரின் கேள்விக்கு இம்மனுவே என் பதில். வைத்தவன் நான். எந்த நடவடிக்கையானாலும் என்மேல் எடுத்து, என் மகள் அந்தப் பிளக்ஸைத் தடுக்கப் பார்த்தவள் என்று அவளது விசாரணை அறிக்கையில் பதிவு செய்ய உத்தரவிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். எப்போது அழைத்தாலும் வருவேன். இந்த முறை அவளுக்கு முன்னால் நிற்பேன்.

இடம்: குற்றாலம்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
சு. குற்றாலிங்கம்