உடையாத கண்ணாடி

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்கூட மண்டபத்தில் ஆறாவது நாள். மழை விட்டபாடில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே வரிசையாக ஒட்டியிருக்கும் பன்னிரண்டு வீட்டாரும் இங்கேதான் படுக்கிறோம். காலையில் லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கும் ஜீவராணி வீட்டுக்கும் பொதுவான சுவரில் விழுந்த வெடிப்பின் குறுக்கே, ஆய்வுகூடத்துக் கண்ணாடித் துண்டு ஒன்றைப் போன வாரம் சீமெந்து வைத்து ஒட்டியிருந்தேன். சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் உடைந்துவிடும். உடையவில்லை. பௌதிகவியல் படித்ததற்கு ஒரு நாளாவது பலன்!

ஜூன் 18, புதன்

ஜீவராணியின் அப்பா கந்தப்பனுக்கு வெறுந்தரையில் படுத்து நெஞ்சுச்சளி. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா டீச்சர்? நீங்க சொன்னா சரி" என்றாள். மண்சரிவு அபாயம் என்று அதிகாரிகள் ஒட்டிய கடதாசி லயத்துச் சுவரில் அப்படியே இருக்கிறது. இருந்தும், "கண்ணாடி ஒடையல, ஜீவராணி. பயமில்ல" என்றேன். அவள் கிளம்பியதும் மற்றவர்களும் பாயைச் சுருட்டினார்கள். நானும் அம்மாவும்கூடத்தான். என் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பா? பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 23, திங்கள்

உயர்தர வகுப்பில் கலிலியோவின் கப்பல். அடித்தட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு என்ன பரிசோதனை செய்தாலும், கப்பல் சீராக ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்தே போகிறது. அசையாத வெளி ஒன்று உண்டு என்றார் நியூட்டன். அதைத் தொட்டுப் பார்த்தவர் இல்லை. வருடாவருடம் சொல்வதுதான்.

"அப்ப அசையலன்னு சொல்றதுக்கு அர்த்தமே இல்லையா டீச்சர்?" என்று கிருஷாந்தி கேட்டாள்.

"எதை வச்சு அசையலன்னு சேர்த்துச் சொல்லணும்" என்றேன். சொன்ன பிறகு பாடம் ஓடவில்லை. வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒரே மண்ணில்தானே நிற்கின்றன?

மாலையில் எங்கள் கதவு நிலையிலுள்ள ஆணித்துளை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். ஓடைக்கு அப்பால் பாறையில் நிற்கும் கரண்ட் கம்பம். அதற்கு நேர் பின்னால், தூரத்தில், பாக்டரிப் புகைபோக்கி. கம்பம் அதை முழுசாக மறைக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

புகைபோக்கியின் ஓரம் தெரிகிறது. கண்ணாடி உடையவில்லை.

ஜூன் 25, புதன்

பாதி தெரிகிறது. லயமே போகிறது — சுவர், கண்ணாடி, அம்மா, நான், நான் எழுதும் இந்தக் கொப்பி, எல்லாம் சேர்ந்து.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி மண்டபத்துக்கு மூட்டை கட்டினார்கள். கந்தப்பன் மட்டும் எழும்பவில்லை.

"ஒடையலன்னா பயமில்லன்னீங்க. இன்னைக்கும் ஒடையலதானே? எதம்மா நம்புறது?"

கைத்தாங்கலாகக் கூட்டிவந்து துளை வழியாகக் காட்டினேன்.

"கம்பந்தான் நகந்திருக்கும்."

"அது பாறைமேல நிக்குதுங்க ஐயா."

"பாறை நகராதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பேன். இவரைத் திரும்பக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தேன். அப்பாவை விட்டு வரமாட்டேன் என்று ஜீவராணியும் தங்கிவிட்டாள்.

ஜூன் 26, வியாழன்

முழுப் புகைபோக்கியும் தெரிகிறது. மறுபடி போய்க் கெஞ்சினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாளைக்கு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்ட்டு வந்து, எப்படியாச்சும் தூக்கிட்டு வந்துர்றேன் டீச்சர்" என்றாள் ஜீவராணி. ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார்மேல்? என்மேல்தான். சும்மா இருந்திருக்கக் கூடாதா நான்?

ஜூன் 27, வெள்ளி

பகல் பதினொன்றரைக்குச் சத்தம் கேட்டது. நான் வகுப்பில் இருந்தேன். ஜீவராணி கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அவர் மட்டும் வீட்டில்.

ஜூலை 2, புதன்

நேற்று கந்தப்பனை அடக்கம் செய்தோம்.

இன்று இடிபாட்டிலிருந்து ஜீவராணி ஒரு சுவர்த்துண்டைத் தூக்கிவந்து, மண்டபத்தில் என் பாயருகே வைத்தாள். நடுவில் வெடிப்பு. அதன் குறுக்கே சீமெந்தில் ஒட்டிய கண்ணாடி. சேற்றைத் தன் கையாலேயே துடைத்துவிட்டாள். கீறல்கூட இல்லை.

"பாருங்க டீச்சர்" என்றாள். "இன்னும் ஒடையல."